பூனைக்கு நன்றி இல்லையாம்!

"நாய் ஆளைப் பார்க்கும், பூனை வீட்டைத்தான் பார்க்கும்" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சுந்தரியைக் கவனிப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. பார்க்கப் பார்க்க, இது பெரிய அவதூறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாய் அன்பைக் காட்டினால் தெருவுக்கே தெரியும். குதிக்கும், வாலை ஆட்டும், முகத்தை நக்கும். அது கூட்டமாக வாழும் ஓநாயின் வழிவந்தது. பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையோ தனியாக வேட்டையாடிப் பிழைப்பது. அதன் அன்பில் ஆர்ப்பாட்டம் இருக்காது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அத்தனை காலம் கூட இருந்தும் அதன் பாஷை நம்மில் பலருக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் வெளியே போய்விட்டு வரும்போது பூனை வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு வந்தால், அது வரவேற்பு. குட்டி தாயிடம் அப்படித்தான் வரும். பிறகு காலில் கன்னத்தையும் நெற்றியையும் உரசும். அங்கே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தன் வாசனையை உங்கள் மேல் தடவி, உங்களைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறது. "எல்லாம் சோற்றுக்காக" என்பவர்களுக்கு என் மனைவி சொல்லும் பதில்: "வயிறு நிறைஞ்ச பிறகும் வந்து உரசுதே, அது எதுக்காம்?"

மடியில் ஏறி, மாவு பிசைவதுபோல முன்கால்களால் மாறி மாறி அமுக்குகிறதா? பால் குடித்த நாளில் தாயின் மடியை அமுக்கிய பழக்கம் அது. இன்னொன்று, வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். அந்தக் குரல் பெரும்பாலும் நமக்காகவே.

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேலி பேசுகிறோம். உண்மையில் அது உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், உங்களிடம் பயமில்லை என்று பொருள். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். மனிதர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுகிறது என்று 2020ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் 2013ல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ப்பவரின் குரலைப் பூனை அடையாளம் காண்கிறது என்கிறது. கூப்பிட்டால் ஓடி வராமல் காதை மட்டும் திருப்பும். கேட்காமல் இல்லை!

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு பேச்சை நம்பித்தான் பலர் பூனையைக் கைவிடுகிறார்கள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர்கள் காலி செய்து போனபோது, "அது வீட்டோட இருந்துக்கும்" என்று பூனையை விட்டுவிட்டுப் போனார்கள். பூட்டிய கதவின் படியில் பத்து நாள்போல உட்கார்ந்திருந்தது. நாங்கள் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி அங்கேயே போய்விடும். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும். சுவரைப் பார்ப்பதற்காகவா அப்படிக் காத்திருந்தது? பூனைக்குப் பழகிய இடம் முக்கியம்தான். அதற்காக ஆள் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

நம் வயதில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு, மகனோடோ மகளோடோ போய்ச் சேர்கிறோம். அப்போது பூனையையும் கூடையில் வைத்துக் கூட்டிப் போங்கள். புது வீட்டில் முதலில் ஓர் அறையில், அது படுத்துப் பழகிய துணியோடு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் வெளியே விடாதீர்கள். பழகிவிடும். கூட்டிப் போக வழியே இல்லை என்றால், பூனையைப் புரிந்த ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். கோணியில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு, பூனைக்கு நன்றி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.