அந்த இடம் நோயாளிக்குச் சொந்தம்

2024 மே மாதம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் கறுப்பு உடுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள். எதற்கு? அங்குள்ள இருதய, நெஞ்சக அறுவை சிகிச்சை நிபுணத்துவப் பயிற்சியைப் பூமிபுத்ரா அல்லாத மருத்துவர்களுக்குத் திறந்துவிடக் கூடாதாம். அந்தத் துறைக்கு நாட்டில் ஆள் பற்றாது என்பது ஊரறிந்த சங்கதி. பின்தங்கியவர்களைத் தூக்கிவிட ஒதுக்கீடு வேண்டும்தான். தோட்டத்தில் பிறந்த நான் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் புக்கிட் பெலண்டோக் கதையையும் கேளுங்கள். 1999இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லிக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள்; சனம் செத்துக்கொண்டே இருந்தது. இது வேற வைரஸ் என்று கண்டுபிடித்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது வைரஸியல் பயிற்சியில் இருந்த சுவா கா பிங். பக்கத்துச் சுங்கை நிப்பா அந்த வைரஸுக்குப் பெயரானது. நாட்டில் 105 பேர் போனார்கள். இனம் பார்த்து ஆய்வுக்கூடக் கதவை அவருக்குச் சாத்தியிருந்தால்?

தானமாக எடுத்த இருதயம் சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். தைக்கிற கை எந்த இனம்னு மேசையில் கிடக்கிறவன் கேட்பானா? பயிற்சி இடம் மாணவனுக்குப் பரிசு இல்லை, நோயாளியின் சொத்து. அது பூட்டிக் கிடந்தால் கறுப்பு உடுத்த வேண்டியவர்கள் நோயாளிகள்தான்.