கணினியும் கடைமடையும்

குட்டீஸ், வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும், தெரியுமா? மழை, வெயில், மண், பயிர் விவரங்களைக் கொடுக்க வேண்டும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2009-ல் வெளியிட்ட 'அக்வாகிராப்' அப்படி ஒரு மென்பொருள்.

நல்ல விஷயம்தான். ஆனால், அது போடுவது ஒரு வயலின் கணக்கு. காஞ்சிபுரம் பக்கம் ஒரே ஏரியின் தண்ணீர் பல வயல்களுக்குப் பாய்கிறது. முதல் வயலில் மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருமா? அதை மனிதர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரியைக் கவனிக்கவே ஆறு பேர் கொண்ட 'ஏரி வாரியம்' உத்திரமேரூரில் இருந்தது. அவர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஆண்டு கி.பி. 921!

கணினியும் வேண்டும்; வாரியமும் வேண்டும். நாளை மென்பொருள் எழுதப்போகிறவர்களே, கடைமடை வயலையும் கணக்கில் சேர்ப்பீர்கள்தானே?