வாய்பாட்டுக்கும் எல்லை உண்டு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றால் இருவகைத் தூண்களைக் காணலாம். ஒன்று, 7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செதுக்கிய வராக மண்டபத்துச் சிங்கத் தூண்கள். மற்றொன்று, கட்டடங்களுக்குச் சாரமாக நிற்கும் சவுக்குக் கழிகள். சுமை மிகும்போது பருத்துக் குறுகிய தூண் நசுங்கும்; நீண்டு மெலிந்த கழியோ அதற்கு முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும்.

நெளியவைக்கும் சுமையைக் கணக்கிட 1744இல் ஆய்லர் வழி கண்டார். தூணின் நீளம் பாதியானால் அச்சுமை நான்கு மடங்காகும் என்பது அவர் வாய்பாடு. சாரத்தில் இடையிடையே குறுக்குக் கழி கட்டுவது இதற்காகவே.

அப்படியானால் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் தாங்குதிறன் எல்லையின்றிப் பெருகுமா? இங்கேதான் ஆபத்து. தூணின் நீளத்தை அதன் குறுக்குவெட்டின் சுழற்சி ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது மெலிவு விகிதம். இது 40ஆக உள்ள எஃகுத் தூண், இரு முனைகளும் கீல்போல் திரும்பக்கூடியதாக இருந்தால், 1,234 மெகாபாஸ்கல் தகைவு வரை நெளியாது என்கிறது ஆய்லர் வாய்பாடு. ஆனால் சாதாரணக் கட்டுமான எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும்! வாய்பாடு ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகைப்படுத்துகிறது.

மெலிவு விகிதம் 89ஆகும்போது ஆய்லர் தகைவும் 250 ஆகிறது. "89க்கு மேல் ஆய்லர், கீழே 250 என்று கொள்ளலாமே?" என்று என் வகுப்பில் கேட்பதுண்டு. அதுவும் போதாது. உண்மைத் தூணில் சிறு கோணல் இருக்கும். எஃகு குளிர்ந்தபோது உள்ளே தங்கிவிட்ட தகைவும் இருக்கும். ஆகவே ரான்கின் இரு தகைவுகளின் தலைகீழிகளையும் கூட்டினார். அவர் முறையில் 89க்குக் கிடைப்பது 125தான், 40க்கு 208. நம் நாட்டு எஃகுக் கட்டுமான விதியான ஐ.எஸ். 800, 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வகை வாய்பாட்டையே திருத்தி ஏற்றது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, தூணின் வடிவத்திற்கேற்ப நான்கு வளைகோடுகளைத் தந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1907 ஆகஸ்டு 29 அன்று, கனடாவில் கட்டப்பட்டுவந்த கியூபெக் பாலத்தின் அழுத்தம் தாங்கும் உறுப்புகள் நெளிந்து, பாலம் இடிந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர்.

வாய்பாட்டைப் பிழையின்றி எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம்; அது எங்கே பொருந்தாது என்று கேட்பதில்லை. ஆசிரியர்களாகிய எங்கள் குறை இது. தனி ஊசல் வாய்பாடு சிறு வீச்சுக்கே பொருந்தும்; ஓம் விதிக்கு வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்பாட்டின் அருகிலும் அதன் எல்லையையும் எழுதிப் பழகுங்கள். சாரத்தின்மேல் ஏறுபவர் வாய்பாட்டை அறியார். அதைத் தேர்ந்தவரை நம்பியே ஏறுகிறார். நாளை அப்படித் தேர்பவர் நீங்களாக இருக்கலாம்.