பிரம்மலிபி

சித்திரக் கலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதற்கு என்ன அர்த்தம்?" பதில் உடனே வராவிட்டால், "அப்படியானால் ஏமாற்று வேலைதானே?" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தீர்ப்பு சௌகரியமானதுதான். ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரணம், ஒரு சீனக் கலைஞர் செய்த புத்தகம்.

அவர் பெயர் ஷூ பிங். 1955-ல் பிறந்தவர். 1987 முதல் 1991 வரை உழைத்து, மரக் கட்டைகளில் சுமார் 4,000 எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் செதுக்கினார். அவற்றைக் கோத்துப் பழைய முறையில் அச்சிட்டு, நூலால் தைத்து, நான்கு பாகங்களாகக் கட்டினார். தலைப்புப் பக்கம் உண்டு. நடுநடுவே பொடி எழுத்தில் உரையும் உண்டு. பண்டிதர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழம் பதிப்பு மாதிரியே இருக்கும். ஒரே ஒரு சங்கடம்: அதில் ஒரு வரியைக்கூட யாராலும் படிக்க முடியாது. எழுத்துக்கள் எல்லாம் அவராக இட்டுக்கட்டியவை.

சீன எழுத்துக்குள் நீரைக் குறிக்கும் பகுதி, மரத்தைக் குறிக்கும் பகுதி என்று பல உறுப்புகள் உண்டு. அந்த உறுப்புகளையே எடுத்து, வழக்கில் இல்லாத விதமாகச் சேர்த்தார் அவர். ஆகவே பார்க்கிற சீனருக்குத் தெரிந்த முகம் போல இருக்கும். பெயர் மட்டும் வாயில் வராது. 1988-ல் பெய்ஜிங்கில் இதைக் காட்சிக்கு வைத்தார். இதற்கு நிலைத்துவிட்ட பெயர் 'தியான்ஷு'. 'வானத்துப் புத்தகம்' என்று பொருள். யாருக்கும் விளங்காத பிதற்றலுக்கும் சீனத்தில் அதே சொல்தான். நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? பிரம்மா தலையில் எழுதியதும் பிரம்மலிபி. டாக்டர் சீட்டில் கிறுக்கித் தருவதும் பிரம்மலிபி.

இது மோசடி என்பது முதல் குற்றச்சாட்டு. மோசடிக்காரன் சுருக்கு வழி தேடுவான். நாலு வருஷம் மரம் செதுக்க மாட்டான். உழைப்பு இருந்தால் மட்டும் கலை ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செக்கு மாடும்தான் உழைக்கிறது. இங்கே உழைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டடமும் அச்சும் உரையும் சேர்ந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் நாம் கைகட்டி நிற்கிறோம். அந்தப் பழக்கத்தை நம் கண்ணுக்கே காட்ட வேண்டுமானால் போலி, அசலைப் போல அவ்வளவு நேர்த்தியாக இருந்தாக வேண்டும்.

இந்த எண்ணம் அவருக்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவர் குழந்தையாக இருந்தபோதுதான், 1956-ல், சர்க்கார் சீன எழுத்துக்களைச் சுருக்கியது. 1977-ல் இன்னொரு தொகுதி சுருக்க எழுத்துக்களை வெளியிட்டு, 1986-ல் அவற்றை வாபஸ் வாங்கியது. தனி மனிதன் எழுத்தை உண்டாக்கினால் பிதற்றல். சர்க்கார் உண்டாக்கினால் சீர்திருத்தம்!

இடையிலே 1966 முதல் 1976 வரை கலாசாரப் புரட்சி. சுவரெல்லாம் பெரிய எழுத்துக்கள். நன்றாக எழுத்து வரையத் தெரிந்த இளைஞரான ஷூ பிங்குக்கும் பிரசார எழுத்து வேலை வந்து சேர்ந்தது. 'பிற்போக்காளன்', 'மக்கள் விரோதி' என்ற சொற்களைப் பள்ளிப் பிள்ளைகூடப் படித்துவிடும். அகராதியிலும் பொருள் கிடைக்கும். ஆனால் அவை யார் பெயரோடு ஒட்டினாலும் ஒட்டிக்கொண்டன. நேற்று ஒட்டியவன் மேலேயே இன்று ஒட்டின. தெளிவான சொல்லைப் போல வழுக்குகிற சொல் வேறில்லை என்று நான் சொல்வது இதைத்தான். அந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர், ஒருவரையும் குற்றம் சாட்ட முடியாத 4,000 எழுத்துக்களைச் செதுக்கினார் என்றால் அது விளையாட்டு அல்ல.

1989-க்குப் பிறகு அந்த நாட்டில் அதிகாரத்தைச் சார்ந்த விமரிசகர்கள் இந்தப் புத்தகத்தைத் தாக்கினார்கள். 1990-ல் அவர் அமெரிக்கா போய்விட்டார். அர்த்தமே இல்லாத எழுத்தின் மேல் இத்தனை கோபம் எதற்கு? இது பற்றி யாரும் எனக்கு விளக்கியதில்லை.

புரியாமல் இருப்பதே இவருக்குப் பெருமை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. அதுவும் நிற்காது. 1994 வாக்கில் இவரே இன்னொரு எழுத்து முறை செய்தார். பார்த்தால் சீனம், கொஞ்சம் பொறுமையாக எழுத்துக் கூட்டினால் இங்கிலீஷ்! இங்கே சீனர் திகைக்கிறார். ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கி நின்ற வெள்ளைக்காரர் படித்துவிடுகிறார். படிப்பதற்கு முன்பே 'எனக்குப் புரியும்', 'எனக்குப் புரியாது' என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அந்த அவசரத்துக்குத்தான் இரண்டும் மருந்து.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். 'அவள் உள்ளம் நெகிழ்ந்தது' என்று நானும் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் தலையாட்டினார்கள். எது நெகிழ்ந்தது, எப்படி நெகிழ்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். அச்சு அழகாக இருந்தது, தப்பித்தேன்.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்பது நல்ல கேள்விதான். அதைச் சித்திரத்திடம் மட்டும் கேட்டுவிட்டு, காலைப் பத்திரிகையையும் தேர்தல் சுவரொட்டியையும் என் நாவலையும் கேட்காமல் விட்டுவிடுகிறோமே, அதுதான் என் புகார்.