சாவி கை மாறிய கதை

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கார் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-லிருந்து நம்ம சென்னையிலேயே தயாரான வண்டி. மட்கார்டோடு முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். குறுகலான அம்பத்தூர் தெருவிலும் சட்டென்று திரும்பிவிடும். ஞாயிறானால் அதைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் காபியே குடிப்பார்.

1986-ல் ஒருநாள் இரவு பூந்தமல்லியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே லாரி வெளிச்சம். விளக்கில்லாத சைக்கிள்காரர் ஒருவர் நூலிழையில் தப்பினார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

"ஏங்க, ஆள் வர்றது தெரியலையா?"

"லாரிக்காரன் லைட்டை இறக்கலை. நான் என்ன பண்றது?"

வீடு வந்ததும் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது! மூன்றாம் நாள் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. புரை இருந்தால் எதிர் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிக் கூசுமாம். பகலில் அவ்வளவாகத் தெரியாதாம்.

அந்த இடைவெளியில்தான் நான் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினேன். "கிளட்சை மெதுவா விடு" என்று பக்கத்திலிருந்து ஓயாத அர்ச்சனை! ஆனாலும் ஆவடி ரோட்டில் முதன்முதலாக டாப் கியர் போட்டபோது என் மனசு பறந்ததே, அதை எப்படிச் சொல்வேன்!

ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்ததும் சாவியை நீட்டினேன். "நீயே ஓட்டு. நான் வேடிக்கை பார்த்துட்டு வரேன்" என்றார்.

சகோதரிகளே, இரவில் எதிர் விளக்கு கூசுகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், லாரிக்காரரைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதலில் கண்ணைக் காட்டுங்கள்.