கடை ருசி எண்டு நாங்கள் கேட்டது எதை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கட போர்டிங் நண்பன் ஒருவனின் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். நாங்கள் நாலு பேர், கலைப்பீடம் இரண்டாம் வருசம், எல்லாரும் பெடியள். என்ன வேணும் எண்டு முதல் நாளே கேட்டிருந்தா அவனின் அம்மா. நாலு பேரும் ஒரே பதில்: டெவில் சிக்கன். அதுவும் பின்னேரத்தில் கடையில் பார்சல் எடுப்போமே, அந்த மாதிரி.

தட்டைத் துடைத்துவிட்டு எங்களில் ஒருவன் சொன்னான்: "சூப்பர் அன்ரி. ஆனா கடை ருசி வரேல்லை." அன்ரி கோவிக்கவில்லை. "கடையில வெட்டிக் குடுக்க ஆள் நிக்குது தம்பி" எண்டு சிரித்தபடி, எங்கட தட்டுகளையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா. நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அந்தச் சிரிப்பு விளங்க எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன. ஏனென்றால் அடுத்த கிழமையே, "இதென்ன பெரிய வேலை, அஞ்சு நிமிசச் சமையல்" எண்டு போர்டிங்கில் நாங்களே இறங்கினோம்.

முதல் ஞாயிறு, ஒரு கிலோ இறைச்சியையும் ஒரேயடியாகத் தாச்சியில் கொட்டினோம். பொரியவில்லை. தண்ணி விட்டு அவிந்தது. காரணம் சின்ன விஞ்ஞானம்தான். இறைச்சி சிவந்து மணக்கச் சுமார் 140 பாகை வெப்பம் வேண்டும். தாச்சிக்குள் தண்ணி நிற்கும்வரை அது 100ஐத் தாண்டாது. கடை அடுப்பின் நெருப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு பெரிசு, விடுகிற தண்ணி உடனே ஆவியாகிவிடும். எங்கட சின்னக் காஸ் அடுப்பால் அது ஏலாது. அன்ரியின் அடுப்பாலும் ஏலாது. ஆக, நாங்கள் அன்ரியிடம் குறை சொன்னது கைப்பக்குவத்தை இல்லை, அடுப்பை.

இரண்டாம் ஞாயிறு, மூன்று தரமாகப் பிரித்துப் பொரித்தோம். இறைச்சி சரியாக வந்தது. ஆனால் உள்ளி எண்ணெய்க்குள் கிடக்க, சோஸ் போத்திலை ஒருவன் தேட, கறிமிளகாயை இன்னொருவன் அப்போதுதான் கழுவ, உள்ளி கருகிப் போனது. கைத்த டெவில் சாப்பிட்டோம்.

மூன்றாம் ஞாயிறுதான் விளங்கியது. நெருப்பில் அஞ்சு நிமிசம் என்பது உண்மை. அதுக்கு முதல் முக்கால் மணித்தியாலம் வெட்டுப் பலகையில் போகிறது. அரைக் கிலோ எலும்பில்லாத இறைச்சியை ஒரே அளவுத் துண்டாக வெட்டி, ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், இரண்டு மேசைக்கரண்டி சோளமா, மிளகுதூள் பிரட்டி இருபது நிமிசம் வைத்தோம். பம்பாய் வெங்காயத்தை இதழ் இதழாகப் பிரித்தோம். கறிமிளகாய், தக்காளி, இஞ்சி, உள்ளி எல்லாம் வெட்டித் தனித்தனிக் கோப்பையில். தக்காளி சோஸ், சோயா சோஸ், இடித்த செத்தல் மிளகாய், கொஞ்சம் சீனி, கொஞ்சம் வினாகிரி, ஒரு தேக்கரண்டி சோளமா கரைத்த தண்ணி எல்லாம் முதலே ஒரு கோப்பையில் கலந்து வைத்தோம். பிறகுதான் அடுப்பு. பொரித்த இறைச்சியை எடுத்து வைத்துவிட்டு, உள்ளி, இஞ்சி, வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, கூடிய நெருப்பில் ஒரு நிமிசம். வெங்காயம் கடிபடவேணும், வதங்கக் கூடாது. சோஸை ஊற்றி, இறைச்சியைப் போட்டு நாலு பிரட்டு. முடிஞ்சுது.

ஒருவன் வெட்ட, ஒருவன் அளக்க, ஒருவன் பொரிக்க, ஒருவன் கழுவ, அது கிட்டத்தட்டக் கடை ருசிக்கு வந்தது. நாலு பேர் செய்த வேலை அது. அன்ரி அதைத் தனிய, சோறு, பருப்பு, சம்பலுக்கு நடுவில் செய்திருக்கிறா.

டெவிலின் பேரையும் கொஞ்சம் பாருங்கள். கடை மெனுவில் 'சைனீஸ்' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும். காரம் கூடிய சாப்பாட்டுக்குப் பேயின் பேர் வைக்கிற பழக்கமோ 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயருடையது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக் குங் பாவ் சிக்கனுக்கு, 19ஆம் நூற்றாண்டில் அந்த மாகாணத்தை ஆண்ட டிங் பாவ்ஜென் என்ற அதிகாரியின் பட்டப்பேர். அமெரிக்கச் சீனக் கடைகளின் ஜெனரல் சோ சிக்கனை 1950களில் தாய்வானில் முதலில் சமைத்தவர் பெங் சாங்-குவேய். ஆனால் பேர், 1885இலேயே இறந்துபோன, அதை ஒருநாளும் ருசி பார்க்காத தளபதிக்குப் போனது. ஆளுநருக்குப் பேர், தளபதிக்குப் பேர், பேய்க்கும் பேர். அடுப்படியில் நிண்ட ஆளுக்கு மட்டும் இல்லை.

"கடைகளில் சமைக்கிறது ஆம்பிளையள்தானே, பிறகென்ன?" எண்டு சிலர் கேட்பார்கள். உண்மைதான். கடையில் சமைப்பவருக்குச் சம்பளம் உண்டு, வேலை நேரம் உண்டு, கைக்கு ஆள் உண்டு. ஏறத்தாழ அதே சமையல் வீட்டுக்குள் வந்தவுடன் மூன்றும் போய்விடுகின்றன, செய்கிற ஆளும் மாறிவிடுகிறது. பிறகு அந்த ஆளிடம் போய் "கடை மாதிரி இல்லை" என்கிறோம்.

எங்களைப் பற்றியும் ஒரு உண்மை சொல்லவேணும். மூன்றாம் ஞாயிறு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம். பாராட்டுக் குவிந்தது. "கட்டப்போற பிள்ளை குடுத்து வைச்சது" எண்டும் ஒரு கொமென்ட். எங்கட அம்மாமார் நேற்று வைத்த பருப்புக்கு ஒருவரும் ஸ்டேட்டஸ் போடவில்லை. பெடியன் ஞாயிற்றுக்கிழமை டெவில் செய்தால் அது கொண்டாட்டம். செவ்வாய்க்கிழமை காலமை ஆறு மணிக்குப் புட்டு அவித்து, பின்னேரம் சட்டி தேய்க்கிறதுதான் சமையல். அதற்கு நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை. நாலு பேரில் யார் தாச்சி கழுவுவது எண்டு அண்டைக்கும் சண்டைதான்.

ஆகவே எங்கட கருத்து சின்னது. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதில் பிழை இல்லை, நாங்களும் வாங்குவோம். ஆனால் வீட்டில் ஒருவர் சமைத்து வைத்ததைக் கடையோடு ஒப்பிட முதல், கடையில் எத்தனை கை வேலை செய்கிறது எண்டு எண்ணிப் பாருங்கோ. பிறகு உங்கட வீட்டுக் குசினியில் எத்தனை கை எண்டும் எண்ணுங்கோ.

போன சனிக்கிழமை திரும்ப அதே வீட்டுக்குப் போனோம். இந்த முறை வெங்காயம் நாங்கள் வெட்டினோம். "இதழ் பெரிசாப் போச்சு, பரவாயில்லை" எண்டா அன்ரி, கதிரையில் இருந்தபடி. தாச்சியையும் நாங்களே கழுவிப்போட்டு வந்தோம்.