கேம்ஷாஃப்ட் மாப்பிள்ளை

ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் போன வாரம் மாமா பையன் பிடித்துக்கொண்டான். டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் கேம்ஷாஃப்டை கிரைண்டிங் செய்கிறான். வீல் மழுங்கிவிட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பான். ஷாஃப்ட் பளபளக்கிறது, சம்பளச் சீட்டுதான் அப்படியே இருக்கிறது.

''வேலையை விட்டுடறேன் மச்சான். செல்போன் கடை வைக்கப்போறேன்.''

ஊத்தங்கரையில் டீக்கடைக்கு அடுத்தபடி அதுதானே அதிகம்? சொல்லவில்லை. மகளுக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டவேண்டியவனிடம் ஜோக் அடிக்கக்கூடாது. (எங்கள் ஊர் ஸ்கூல் ஃபீஸ் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதவேண்டும்.)

பதிலுக்கு தருண் மேத்தா கதையைச் சொன்னேன். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து, அசோக் லேலண்டில் சேர்ந்து, சீக்கிரமே விட்டுவிட்டவர். 2013-ல் நண்பர் ஸ்வப்னில் ஜெயினுடன் ஏத்தர் எனர்ஜி ஆரம்பித்தார். முதலில் பேட்டரிதான் செய்ய நினைத்தார்கள். அப்புறம் முழு ஸ்கூட்டருக்கே போனார்கள். வண்டி விற்பனைக்கு வர 2018 ஆயிற்று. 2021-ல் தொழிற்சாலை எங்கே வந்தது? நம்ம ஓசூரில்!

''அஞ்சு வருஷம் வீட்டு வாடகை யாரு குடுத்தா?''

நியாயமான கேள்வி. 2014-லேயே ஃப்ளிப்கார்ட்டை ஆரம்பித்த சச்சின், பின்னி பன்சால்கள் பத்து லட்சம் டாலர் போட்டார்கள். இவனுக்கு இருப்பது ஒரே ஒரு மாமனார். அவரும் ரிட்டயர்டு.

அந்த நேரம் பார்த்து அவன் தங்கச்சி வந்தாள். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி இருக்கிறதல்லவா, முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தார்களே, அங்கே அசெம்பிளியில் இருக்கிறாள்.

''ஏண்ணா, எங்க வண்டியில கேம்ஷாஃப்டே கிடையாது தெரியுமா? பிஸ்டன் இல்ல, சைலன்சர் இல்ல.''

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பெட்ரோல் வண்டி நாளைக்கே மறைந்துவிடாதுதான். ஆனால் இவனுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் பாக்கி. வேலையை இவன் விடுவதா, வேலை இவனை விடுவதா?

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

''மோட்டார் இருக்கில்ல? அதுக்கு ஷாஃப்ட் இருக்கும்ல? பேரிங் உக்கார்ற இடத்த மைக்ரான் கணக்குல கிரைண்ட் பண்ணித்தானே ஆகணும்?''

''எனக்கென்ன தெரியும்? மோட்டார் ரெடியாத்தான் எங்க லைனுக்கு வருது.''

''ஷாஃப்ட் எங்க கிரைண்ட் ஆகுதுன்னு கேட்டுச் சொல்லு. நாளைக்கே கேளு.''

கிருஷ்ணகிரி பஸ் வந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டான். செல்போன் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டானா என்று கேட்க மறந்துவிட்டேன்.